கண்ண மட்டும் உட்டுருங்க

அந்த ஸ்டூல்ல வேண்டாமுங் சார், காலு ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. திங்கக்கெழமைல இருந்து புள்ள பள்ளிக்கூடம் வரலீன்னு வாத்தியாரே ஊடு தேடி வந்துட்டீங்க. காச்சலுங்க. உள்ளாற படுத்திருக்கறா. எழுப்ப வேண்டாமுங்க.

கேட்டதுனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தப்பெல்லாம் உங்க மேலதானுங்க. ஆறாவதுல லோகப்பிரியாவக் கொண்டாந்து உட்டப்ப நா என்ன சொன்னேன்? சார், கண்ண மட்டும் உட்டுப்போட்டு மிச்சத்த உரிச்சிருங்க, ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொன்னனுங்களா இல்லீங்களா? நீங்க சிரிச்சுட்டு, அதெல்லாம் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்கம்மா, பிரம்பத் தொட்டா என்ற வேல போயிருமுன்னீங்க. எந்த ஜட்ஜுங்க அது? ஒரு ஷிப்ட்டு எங்கூடத் தறி ஓட்டிப்போட்டு வந்து, அவரே இவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கட்டுமே, பாக்கலாம்!

எங்க வாத்தியாரு மூங்கில்ல அடிச்சதுல இந்த வெரலு இன்னும் மடங்காது, பாருங்க. எங்கப்பன் தூண்ல கட்டி வெச்சு அடிச்சாரு. செத்தா போயிட்டேன்? எத்தனாவது வரைக்குமுங்களா? ஏழுங்க. அடிக்குப் பயந்து நின்னுபோட்டேன். அது வேற கதைங்க.

போன வெள்ளிக்கெழம பொழுதோட பரிச்சப் பேப்பரக் கொண்டாந்து நீட்டறா. கணக்குல நாலு மார்க்கு. குடோன்ல இருந்து கொண்டாந்த தறி பெல்ட்டு கைல இருந்துச்சு, ரெண்டு போட்டேன். அழுவான்னு பாத்தா, எம்மூஞ்சிக்கு நேரா நின்னுட்டு, அம்மா, அடிக்கக்கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லீருக்குது, பத்து ஒம்பது எட்டுக்குப் போன் பண்ணுனா உன்னியப் புடிச்சுட்டுப் போயிருவாங்க, எங்க சார் சொன்னாருங்கறா. நீங்கதானாமுங்க, பிரேயர்ல எல்லாத்தையும் அந்தக் கொழந்தைங்க ஒதவி நம்பரச் சொல்ல வெச்சது.

பெத்தவளுக்கே போலீசுங்களா சார்? எனக்கு ஒடம்பெல்லாம் பத்திட்டு எரிஞ்சுது. அதுக்கப்பறம் எத்தன போட்டேன், எங்க போட்டேன், ஒண்ணுமே தெரியல. செவுத்தோரமா சுருண்டவள முடியப் புடிச்சு இழுத்துப்போட்டு அடிச்சேன். பக்கத்தூட்டு ராசாத்தாக்கா கதவ ஒடைக்கறாப்புலத் தட்டுச்சு. எனக்கெங்க காதுல உழுந்துச்சு? பெல்ட்டு அறுந்துதானுங்க கை நின்னுது. ரத்தத்தப் பாத்ததும் மடில போட்டுட்டு, கண்ணு, என்ற கண்ணுன்னு நாந்தானுங்க மாருல அடிச்சுட்டு அழுதேன். அவ அழுவவே இல்லீங்க.

எங்கீங் சார் எந்திரிக்கறீங்க? கதவத் தொறக்காதீங்க, வெளிச்சம் பட்டாக் கத்துவா. ஒரு கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. சோத்துக்கைப் பக்கந்தான் தொறக்கவே மாட்டேங்குது. கைப்புள்ளக்காரி ஊட்டுல தாய்ப்பால் வாங்கியாந்து கண்ணுல உட்டேன், அதுக்கும் கேக்கல. பெரியாஸ்பத்திரிக்குப் போனா யாரு அடிச்சதுன்னு கேட்டு எழுதுவாங்களாமா.

ஏனுங் சார், நீங்க படிச்சவிங்க. அந்தக் கோர்ட்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தானுங்க சொல்லுச்சு? ஊட்டுக்கெல்லாம் சொல்லலீங்கல்ல?