ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே

உங்கள் அலுவலக லிப்ட் இரண்டாவது மாடியில் தரையோடு சேர்ந்து நிற்பதில்லை. ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும்; யாராவது தடுக்கி விழுவதற்குள் மாற்றச் சொல்லுங்கள். என்னை அழைத்து வந்தபோதே சொல்லியிருப்பேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். இப்போது எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அதையும் சேர்த்துவிட்டேன்.

பத்தொன்பது வருடமாக லிப்ட் பராமரிப்பு வேலை. என் பொறுப்பில் முப்பத்தோரு கட்டடங்கள். லிப்ட் ஓடினால் என்னை யாரும் நினைப்பதில்லை, நின்றால் திட்டுவார்கள். ஒரே அறையில் தனியாக இருக்கிறேன். மாதப் பிறப்பன்று அக்கா போன் செய்வாள். "சாப்ட்டியா" என்பாள். நான் பதில் சொல்வதற்குள், "சரி வெச்சிடறேன், அடுப்புல போட்டது கருகுது" என்பாள். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாசம் என்றால் அவ்வளவுதான்.

மற்றபடி நான் வாய் திறந்ததெல்லாம் அந்தக் குழுவில்தான். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிப் பேசுகிற இணையக் குழு, நாற்பது பேர் இருப்போம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நான் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன், ஆனால் எல்லாரும் என்னை 'இழவு வீடு' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் என் கட்சி. ஊரே இடிந்து விழுகிறது, காப்பாற்ற வந்தவன் காற்றில் நின்றபடி ஜோக் அடிக்கிறான் என்றால், அப்புறம் அந்த ஊரில் யார் செத்தால் எனக்கென்ன? உயிர் போகிற நேரத்தில் எவனும் சிரிக்க மாட்டான். படம் பாரமாக இருக்க வேண்டும். இதைத்தான் ஆறு வருடம் விதவிதமாக எழுதினேன்.

எதிர்க்கட்சிக்காரர் 'துண்டு'. குளியல் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு எடுத்த படத்தைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பல் செட் செய்கிற தொழில், மனைவி இறந்துவிட்டார். எல்லாம் அவரே எழுதியது. "பயந்தவன்தாங்க ஜோக் அடிப்பான். பயமே படாதவன்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பான்" என்பது அவர் வாதம். அவருக்குப் பிடித்த படவரிசையின் மூன்றாம் பாகம் ஏன் தரமில்லாத படம் என்று ஒருமுறை பதினான்கு பக்கம் எழுதிப் போட்டேன். வந்தது ஒரே ஒரு பதில். "முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை. முழுசும் தப்பு." என்னை இரண்டு தடவை படித்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் அவர் லிப்ட் கண்ணாடியில் தன்னைப் படம் எடுத்துப் போட்டார். பின்னால் ஆறு என்ற பொத்தான் எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் பராமரிப்பு அட்டை தெரிந்தது. அதில் இருந்தது என் கையெழுத்து. மாதாமாதம் நான் போய்வருகிற கட்டடம், கடைசித் தளமான ஆறாவது மாடி. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அங்கே வேலைக்குப் போனால், ஆறு என்ற பொத்தானை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பேன்.

விடுமுறைக்கு முந்தின நாள், தனியாக வைத்திருந்த இன்னொரு சின்னக் குழுவுக்குப் போக வேண்டிய செய்தியை ஒருவர் கைதவறி எங்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டார். 'நாளைக்கு நாலு மணி, துண்டு வீட்ல புதுப்படம். வர்றது ஏழு பேர். இழவு வீட்டுக்குத் தெரிய வேணாம், படம் ஓடும்போதே பக்கத்துல உக்காந்து துக்கம் விசாரிப்பாரு.' ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டார். நான் அதற்குள் படித்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜோக் என்ற அளவில் அது நல்ல ஜோக்தான்.

மறுநாள் அவசர அழைப்புகளுக்கு நான்தான் பொறுப்பு. பராமரிப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தும் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கீழே 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டிவிட்டு மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்தேன். ஒரு மணி சுமாருக்கு ஆறாவது மாடியில் யாரோ விசிலடித்தபடி லிப்ட்டுக்குள் ஏறினார்கள். அது மூன்றாம் பாகத்து இசை. இரும்பு வடம் இறங்குகிற ஓட்டை வழியாக நன்றாகக் கேட்டது. லிப்ட் கிளம்பியதும் மின்சாரத்தை நிறுத்தினேன்.

பத்து நிமிடம்தான் என் கணக்கு. மாட்டிக்கொண்டால் இவர் ஜோக் அடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே செல்போன் எடுக்காது. பேட்டரியில் ஓடுகிற அவசரப் பொத்தானை அமுக்கினால் அழைப்பு என் போனுக்கு வரும். வந்தது.

"சார், உள்ள மாட்டிக்கிட்டேன். பறக்கத் தெரியாது, அதான் உங்களக் கூப்பிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். "ஆள் வந்துக்கிட்டிருக்காங்க. அரை மணி ஆகும். லைன்லயே இருங்க" என்றேன். அவர் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தேன். ஐந்திலும் ஆறிலும் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

பேசினோம். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. படம் பார்ப்பீர்களா என்று கேட்டார். பாரமான படம்தான் பிடிக்கும் என்றேன். சிரித்தார். "எங்க குழுவுல உங்கள மாதிரி ஒருத்தர் இருக்காரு. பெரிய ரோதனை. ஆனா படத்த அவரு மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க. இன்னைக்கு அவர விட்டுட்டுப் பண்றோம், எனக்கே மனசு கேக்கல. வெளிய வந்ததும் நானே மெசேஜ் போட்டு வரச்சொல்லணும்."

மணி அப்போது ஒன்று நாற்பது. கையெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்பீர்கள் என்று தெரியும், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் அவர் போனை வைத்துவிடுவார். "அவரப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். நான் எழுதியதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தார், நானே மறந்ததைக்கூட. இடையில் இருமினார். தனக்கு ஆஸ்துமா, கடைக்குத்தானே என்று இன்ஹேலரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். "என் கதைல வில்லன் அந்த மேசைதான்" என்று சிரித்தார். மின்சாரம் இல்லாததால் லிப்ட்டுக்குள் காற்றாடியும் ஓடவில்லை. இரண்டே காலுக்கு மறுபடி சொன்னார், அப்போதும் சிரித்தபடி. மூச்சு முட்டுகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்கிறவனுக்கு அதன் பாரம் எப்படித் தெரியும்? ஆறு வருடமாக நான் மன்றாடியது இதைத்தானே. கீழ்வீட்டு அம்மா ஒருத்தி மொட்டை மாடிக் கதவு வரை ஏறிவந்து, லிப்ட் எப்போது ஓடும் என்று கத்தினாள். வேலை நடக்கிறது, படியில் போங்கள் என்றேன்.

மூன்று மணிக்கு மேல் அவர் ஜோக் அடிக்கவில்லை. சிரிப்பும் நின்றது. "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். அது இரண்டு தடவை கேட்டது, ஒன்று போனில், ஒன்று அந்த ஓட்டை வழியாக. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. ஆனால் சொல்லிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. இருங்கள், நான் இருக்கிறேன் என்றேன். எனக்கும் அழுகை வந்தது, அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். மூன்றே முக்காலுக்கு மூச்சுச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் போனைக் காதில் வைத்திருந்தேன்.

மின்சாரத்தை நிறுத்தியது நான். போட்டிருக்கலாம், போடவில்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நான்கு மணிக்கு லிப்ட்டைத் தரைத்தளத்துக்கு இறக்கிக் கதவைத் திறந்தபோது படம் பார்க்க வந்த ஏழு பேரும் கையில் பைகளோடு வெளியே நின்றார்கள். ஒரு பெண் அலறினாள். ஒருவர் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். லிப்ட்காரன் என்றேன். உங்கள் அறிக்கையில், அங்கே ஏழு விருந்தாளிகளும் ஒரு தொழிலாளியும் இருந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அவர் என்னை வரச்சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தார், தன் வாயாலேயே சொன்னார். விருந்தாளிகள் எட்டுப் பேர்.