போஸ்ட்மேன் படித்த கார்டு

“நீ எழுதறத நிறுத்துனாதான்டி நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியும்.”

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஆறாவது முடித்த மகளும். மே மாத வெயில் டிக்கெட் எடுக்காமல் ஏறி எல்லோர் மடியிலும் உட்கார்ந்திருந்தது.

“டீச்சர்தாம்மா பத்து கார்டு குடுத்தாங்க. லீவு முழுக்க எனக்கு எழுதிக்கினே இருங்க, விட்டுடாதீங்கன்னாங்க.”

“அதுக்கு, பம்படியில நான் உங்க அத்தை குடத்த ஒதச்சதையா எழுதுவ? போஸ்ட்மேன் அதப் படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. மீதி கார்டக் குடு, கிழிச்சிப் போடறேன்.”

மகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“டீச்சர் பதில் போட்டாங்கம்மா. ரொம்ப நல்லா எழுதிக்கீறேனாம். அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கீறாங்க.”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு ஸ்டாப்பிங் கடந்தது.

“அவதான் மொதல்ல என் குடத்த நவுத்தினா. அத எழுதுனியா?”

“இல்ல.”

“வூட்டுக்குப் போனதும் எழுது.”

“இன்லேண்டு லெட்டர் வாங்கி, ஒட்டி அனுப்பட்டுமா?”

“எதுக்கு? கார்டுலயே எழுது. போஸ்ட்மேன் படிக்கட்டும்.”