மகாராணியின் பூட்ஸ்

— இன்னும் இறுக்குங்க. இந்தத் தடவையும் கழண்டுச்சுன்னா நான் இங்கயே படுத்துடுவேன்.

— இதுக்கு மேல இறுக்கினா வாரே அறுந்துடும்மா. மகாராணி, காலைத் தூக்குடி என் ராஜாத்தி... தூக்கிட்டா பாரு!

— ஆத்துல ஒரு பூட்ஸ் கழண்டுச்சு. ஜல்லி ரோட்டுல ஒண்ணு. சேத்துல ரெண்டு. ஒவ்வொரு தடவையும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து, கையை விட்டுத் துழாவி எடுத்தேன். நல்லாக் கேட்டுக்கோங்க, முழங்கை வரைக்கும் விட்டு.

— நான் டேப் வச்சுதானே அளந்தேன்? ஒரு மாசமா வாசல்ல போட்டு நடக்கவிட்டுப் பழக்கினேன். குளம்புக்குக் கச்சிதமா இருந்துச்சே.

— அப்புறம் ஏன் இப்ப தொளதொளன்னு இருக்கு?

— வெயில்ல ஓடி ஓடிக் குளம்பு இளைச்சுப் போச்சோ என்னவோ.

— ஓடுறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா பட்டினி கிடந்தேன், நானே இளைக்கல. குளம்பு இளைக்குதாம்!

— எதுக்கும் என் சாக்ஸை உள்ள திணிச்சிருக்கேன். உன் மப்ளரையும் குடும்மா.

— இந்தாங்க. முதல் வருஷக் குதிரைப் பந்தயத்துல, கல்லு குத்தி இவ நொண்டுறான்னு பாதியில திருப்பி அனுப்பினாங்க. போன வருஷமும் அதே கதை. இந்தத் தடவையாவது நூறு கிலோமீட்டரையும் முடிக்கணும்னுதான் பூட்ஸே வாங்கினோம். இன்னிக்கும் பாதியில போய் நின்னா, குத்திக் காட்டியே பழகின உங்க அக்கா மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? எனக்கு அழுகையா வருது.

— அழாதம்மா. குதிரை டாக்டர் வர்றார். சிரிச்ச முகமா நில்லு. மகாராணி, நீயும்தான்.

— வணக்கம். கடைசி பரிசோதனை. பூட்ஸைக் கழட்டுங்க, குளம்பைப் பாக்கணும்.

— டாக்டர், இப்பதானே உயிரைக் கொடுத்து மாட்டினேன்!

— எனக்கென்ன சார், விதி அப்படி. இது என்ன உள்ள, சாக்ஸா?

— கொஞ்சம் லூசா இருக்கு டாக்டர். குளம்பு ஒரே நாள்ல சின்னதாகுமா?

— ஆகாது. நாடி நல்லா இருக்கு. காயம் இல்ல, நொண்டல் இல்ல. அருமையான குதிரை. பேரு என்ன?

— மகாராணி.

— ஆண் குதிரைக்கா?

— விளையாடாதீங்க டாக்டர்.

— குனிஞ்சு பாருங்க சார். எனக்கென்ன, நானா ஒளிச்சு வச்சிருக்கேன்?

— ஐயையோ! மத்தியானம் ஓய்வுக்கு நின்ன இடத்துல எல்லாக் குதிரைக்கும் கழுத்து வரைக்கும் போர்வை, மூஞ்சில தீனிப் பை. காலைத் தவிர ஒண்ணும் தெரியல. பக்கத்துல நின்னதுக்கு, கழட்டி வச்ச பூட்ஸை மாட்டி, சேணத்தையும் வச்சுட்டேன் போலிருக்கே!

— ஓகோ. மிச்சம் நின்னதுல இந்தக் குதிரைக்காரர் ஏறிட்டாரா! அந்த ஓய்வு இடத்துலயே ஒருத்தர் தலையில கை வச்சு உக்காந்திருக்கார்னு வயர்லெஸ்ல சொன்னாங்க. குதிரை திடீர்னு ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேங்குதாம்.

— அவதான்! அவளேதான்! பூட்ஸ் போட்டுப் பழகினதிலிருந்து வெறுங்காலோட தண்ணி குடிக்கக்கூடப் போகமாட்டா.

— எனக்கென்ன, அவரை இங்க கூட்டிட்டு வரச் சொல்றேன். நீங்க எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் இனி செல்லாதும்மா. வர்றேன்.

— போயிட்டார். எல்லாம் என்னாலதான், என்னைத் திட்டு. ஆனா ஏம்மா, இவ்வளவு தூரம் மேல உக்காந்து வந்திருக்கியே, உனக்குமா தெரியல?

— ஏறி உக்காந்ததுமே தெரிஞ்சுதே.

— என்னது? அப்ப ஏன் திரும்பி வரல?

— ‘போ’ன்னு சொன்னேங்க, போச்சு. ‘நில்லு’ன்னேன், நின்னுச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொன்னதை மறுபேச்சில்லாம ஒரு ஜீவன் கேட்டது இன்னிக்குதான். நான் எதுக்குங்க திரும்பி வரணும்?