தலைவரின் மீசையும் பதினான்கு நொடிகளும்

தலைமையையும் தாங்கி, இன்று என் கேலியையும் தாங்கப்போகிற எங்கள் குருதிக்கொடைச் சங்கத்தின் தலைவர் அவர்களே, தள்ளாத வயதிலும் தவறாமல் முன்வரிசைக்கு வந்துவிடும் பெரியவர்களே, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளின் கொடுமையைப் பொறுமையால் வென்று வீற்றிருக்கும் தாய்மார்களே, கேட்ட நேரத்தில் கை நீட்டிய கொடையாளர்களே, ஊசியைக் கண்டதும் ஓடிப்போய், பழச்சாறு கொடுக்கும் நேரத்தில் மட்டும் திரும்பி வரும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சங்கத்தின் வலைத்தளத்தைக் கட்டிக் காக்கும் எளியவளின் இனிய வணக்கம்.

ஐந்தாவது வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. அம்மா, எழுந்து வெளியே போகாதீர்கள், உட்காருங்கள். இந்த மேடையில் பேச என்னைவிட அந்தக் குழந்தைக்கு உரிமை அதிகம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, வலைத்தளத்தை அளக்கும் கருவிகள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைபேசியை எடுத்துவிட்டார்கள், பார்த்தேன். பயப்படாதீர்கள், பாடம் நடத்த வரவில்லை. பாவமன்னிப்பு கேட்க வந்திருக்கிறேன்.

எங்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று ஒன்று சொல்லும். வந்தவர்கள் எத்தனை பேர், எதைத் தொட்டார்கள், எங்கே திரும்பிப் போனார்கள் என்று இன்னொன்று சொல்லும். பெயர் கேட்காது, ஊர் கேட்காது, வருகையை மட்டும் எண்ணும். இந்த இரண்டையும் எங்கள் அலுவலகத்தில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு தம்பி. அதனால் அவருக்கு ராடார் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். ஒளிய வேண்டாம் ராடார், பழியில் பாதி எனக்கும் உண்டு.

சென்ற ஆண்டு அந்தக் கருவி சொன்ன கணக்கு என்ன தெரியுமா? நாளொன்றுக்கு ஆயிரத்து நானூற்று எண்பத்து மூன்று வருகைகள். நெஞ்சை நிமிர்த்தினோம். பக்கம் திறக்கும் நேரம் சராசரியாக ஒன்றரை நொடிக்கும் குறைவு. தலையையும் நிமிர்த்தினோம். ஆனால் நாளொன்றுக்குக் கொடையாளராகப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர். ஆயிரத்து நானூறு பேர் வந்து பார்க்கிறார்கள், இரண்டே பேர் கை நீட்டுகிறார்கள் என்றால், அதற்கு என்ன பொருள்? மக்களிடம் ஈரம் வற்றிவிட்டது என்றோம். மனசாட்சி மங்கிவிட்டது என்றோம். வலைத்தளத்தை மூடிவிடலாம் என்று செயற்குழு ஒரு தீர்மானம் எழுதியது. "பொதுமக்களின் அக்கறையின்மை காரணமாக" என்று தொடங்கும் அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்த விரல்கள் இதோ, இந்த விரல்கள்தான்.

இதற்கு நடுவில் ஒரு நற்செய்தியும் வந்தது. வந்தவர்கள் திரையில் எங்கே தொட்டார்கள் என்பதைச் சிவப்பாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதில் ஓரிடம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. எந்த இடம்? முகப்பில் நாங்கள் பெரிதாகப் போட்டிருந்த தலைவர் படத்தில், அவருடைய மீசை. ஓடிப்போய்க் காட்டினோம். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "சனங்களுக்கு என் மேல இவ்வளவு பிரியமாப்பா?" ராடார் சொன்னார்: "கருவி பொய் சொல்லாதுங்க."

சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார், நான் தப்பித்தேன்.

என் அக்கா இந்த ஊர் மருத்துவமனையின் குருதி வங்கியில் செவிலியர். மூடுவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு நண்பகலில் சீருடையோடு எங்கள் அலுவலகத்துக்குள் புயல்போல் நுழைந்தாள். "ஏண்டி, பிரசவத்துக்கு ஒரு பொண்ணு வந்து படுத்திருக்கு. ஓ நெகட்டிவ். அடுத்த வாரம் ஆபரேஷன். கையிருப்பு ஒரு பாட்டில்கூட இல்ல. ஆயிரம் பேர் வர்றாங்கன்னு பீத்திக்கிறியே, அதுல ஒருத்தர்கூடவா ஓ நெகட்டிவ் இல்ல?"

"வர்றாங்கக்கா, பார்த்துட்டுப் போயிடறாங்க. யாருக்கும் மனசில்ல" என்றேன்.

அக்கா வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய டிவியையே பார்த்தாள். அதில் எங்கள் பக்கத்தை எப்போதும் ஓடவிட்டிருப்போம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. "அது எதுக்கு அப்பப்ப கண்ணடிக்குது?" என்றாள்.

"நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா புதுப்பிச்சுக்கும்" என்றேன்.

"ராத்திரியும் ஓடுமா?"

"ரிமோட்டு தொலைஞ்சு எட்டு மாசமாச்சுங்க" என்றார் ராடார். சொல்லிவிட்டு, சொன்னதன் பொருள் அவருக்கே புரிந்து, முகம் வெளுத்துப்போனார்.

தோழர்களே, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? ஆயிரத்து நானூற்று நாற்பது. எங்களைத் தேடி நாள்தோறும் தவறாமல் வந்த அந்த ஆயிரத்து நானூற்று நாற்பது அன்பர்களும் யார்? எங்கள் அலுவலகச் சுவரில் எங்கள் கம்பியில் எங்கள் மின்சாரத்தில் ஓடிய எங்கள் டிவி. எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டிருந்தோம். டிவிக்கு ஈரம் இல்லை என்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

டிவியைக் கணக்கிலிருந்து நீக்கினோம். மலைபோல் நின்ற கோடு தரையில் படுத்தது. மிஞ்சியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்குப் பக்கம் திறக்க ஆன நேரம் பதினான்கு நொடி.

நம்ப முடியாமல் அக்காவின் கைபேசியை வாங்கினோம். மூலையில் விரிசல் விட்ட பழைய கைபேசி. தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் நின்று திறந்தோம். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பதிவுப் பொத்தான் தெரிந்தது. அக்கா தொடப்போனாள். அந்த நேரம் பார்த்து மேலிருந்து தலைவரின் படம் இறங்கி, பொத்தானைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அக்காவின் விரல் போய் விழுந்த இடம் எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? "யாருடி இந்த ஆளு? பட்டனைத் தொட்டா மீசை வருது" என்றாள்.

மக்கள் மீசையைத் தொட வரவில்லை. உயிரைக் காக்க வந்தார்கள். வந்த நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேரை, வாசல்வரை வந்த பிறகு, நாங்கள்தான் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

தலைவரிடம் யார் சொல்வது? அக்காவே போனாள். கைபேசியை அவர் கையில் கொடுத்து, "திறந்து பாருங்கய்யா" என்றாள். அவர் திறந்தார், காத்திருந்தார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. மூக்கு வந்தது. மீசை வருவதற்குள் அவருக்கே பொறுமை போய்விட்டது. பிறகு மெல்லச் சொன்னார்: "என் மூஞ்சிக்காக ஒருத்தர் இவ்வளவு நேரம் நிக்கக் கூடாதும்மா. எடுத்துடுங்க." பதவியை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் படத்தைத் தானே எடுக்கச் சொன்ன தலைவரை அன்றுதான் பார்த்தேன். அதற்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

நன்றி. அன்று மாலையே படத்தை எடுத்தோம். பொத்தானை அசையாமல் ஆணியடித்த மாதிரி நிறுத்தினோம். பக்கம் இரண்டு நொடியில் திறந்தது. மறுநாளும் வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர்தான், ஒருவர்கூடக் கூடவில்லை. பதிவு செய்தவர்கள் இருபத்தொன்பது பேர். மக்களிடம் ஈரம் வற்றியிருந்ததா? வற்றவில்லை. மனசாட்சி மங்கியிருந்ததா? மங்கவில்லை. அவர்கள் அதே மக்கள்தான், நேற்றும் வந்தவர்கள்தான்.

மூன்றாம் நாள் பதிவு செய்தவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர், ஓ நெகட்டிவ். இதோ, கதவோரம் நிற்கிறார், உட்காரச் சொன்னாலும் கேட்கமாட்டார். குருதி கொடுத்துவிட்டு அக்காவிடம் அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன்: "இதுக்கு முன்னாடி நாலு தடவை வந்தேன் சிஸ்டர். வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ரத்தம் வேணாம் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

அறுவை சிகிச்சை அன்று அந்தப் பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓட்டுநர் கொடுத்தது அப்போது கையிலிருந்தது. அந்தப் பெண்தான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் ஐந்து மாதமாக அழுவதும் சிரிப்பதுமாக இருப்பவர்தான் என் பேச்சை முதலில் நிறுத்தியவர்.

அன்பர்களே, யாரும் வரவில்லை என்று சொல்லுமுன் உங்கள் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையால் பார்க்காதீர்கள், உங்கள் கைக்கு எல்லாக் கதவும் திறக்கும். விரிசல் விட்ட கைபேசியோடு தெருவில் நிற்கிறவர் கையால் பாருங்கள்.

பொறுமை காத்த தலைவருக்கும், கண்ணடித்த டிவியைக் கண்டுபிடித்த என் அக்காவுக்கும், ஐந்தாவது முறையும் வந்த அந்த ஓட்டுநருக்கும், சிரித்துச் சிரித்து என்னைக் காப்பாற்றிய உங்களுக்கும் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம். நான் குறித்துவந்த பேச்சு முடிந்தது. அம்மா, குழந்தையை மேடைக்குக் கொண்டுவாருங்கள், ஓட்டுநர் அண்ணன் இன்னும் அவனைத் தூக்கிப் பார்த்ததில்லையாம்.