ஹாரனிலிருந்து ஒரு ராகம்

"நம்ம கார் ஹாரன்லயும் ஒரு சுரம் இருக்குண்ணே" என்றார் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த கார் டிரைவர் ஒருவர். பஸ் மதுரை காளவாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னடா சொல்ற?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நேத்து ஒரு குடும்பத்த பெரிய நாதஸ்வர வித்வான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல நாய் படுத்திருந்துச்சுன்னு ஹாரன் அடிச்சேன். உள்ள வாசிச்சுக்கிட்டிருந்தவரு எந்திரிச்சே வந்துட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்."

"திட்டுனாரா?"

"'இன்னொருக்கா அடிங்க தம்பி'ன்னாரு. அடிச்சேன். அந்தச் சத்தத்தையே நாதஸ்வரத்துல பிடிச்சு, அங்கனயே நின்னு ஒரு ராகம் வாசிச்சாருண்ணே. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு."

"திரும்பி வாரப்ப ஹாரன் அடிச்சியா?" என்றார் கேட்டவர்.

"மதுரைக்குள்ள அம்புட்டு நெரிசல். ஆனா ஹாரன் அடிக்கக் கை வரலண்ணே. பிரேக்கு போட்டுப் போட்டே வீடு வந்து சேந்தேன்."