சுஹைலாவுக்கு நாவூறு கழித்த நாள்

அரபுக் கோப்பிக்கு ஏலக்காயை அளவாகப் போடவேண்டும். கூடினால் மருந்து மாதிரி இருக்கும். குறைந்தால் சுஹைலா கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார். ஏசமாட்டார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அவர் என்னைக் கொடுமைப்படுத்தியிருப்பார் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். என் பிறந்தநாளுக்குச் சால்வை வாங்கித் தந்தவர் அவர். பனி கொட்டும் நாட்களில் என்னை பஸ்ஸில் போகவிடாமல் ரக்சி பிடித்து அனுப்புவார்.

என் பெயர் பரிமளம். ஊர் மட்டக்களப்பு. இங்கே கனடாவில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கம் மகனோடு இருக்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது என் வேலை. குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, மருந்து எடுத்துக்கொடுப்பது. இத்தனை காலத்தில் என்மேல் ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

சுஹைலாவை நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அரபு ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவசரமாகப் போகிறவரும் நின்றுவிடுவார். லெபனானில் ஒரு மலை ஊரில் கிறிஸ்தவத் தையற்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். கலியாண வீடுகளில் பாடித் திரிந்தவரைக் கெய்ரோவுக்குக் கூட்டிப்போய்ப் படத்தில் நடிக்கவைத்தார்கள். சண்டைக்காலத்தில் பெய்ரூட்டை விட்டு வளைகுடா நாடுகளிலும் பாரிஸிலும் பாடினார். வயதானபின் பெய்ரூட்டுக்கே திரும்பிப் போய்க் குடியிருந்த வீட்டின் கண்ணாடியெல்லாம் துறைமுக வெடிப்பில் நொறுங்கிவிட்டது. மொன்றியலில் இருக்கும் மகள் ரீம், ரொறன்ரோவில் டொன் மில்ஸ் பக்கம் ஒரு மாடி வீட்டில் தாயைக் கொண்டுவந்து வைத்தாள். அரபு தெரிந்த பராமரிப்பாளர் வேண்டும் என்று ஏஜென்சி எனக்கு போன் எடுத்தது. யாருக்கு என்று கேட்டேன். பெயரைச் சொன்னதும் ஓம் என்றேன்.

எனக்கு அரபு குவைத்தில் பழகியது. இருபது வயதில் வீட்டு வேலைக்குப் போனேன். என் பாஸ்போர்ட் எசமானியின் அலுமாரிக்குள் இருந்தது. வெளிக்கதவு எப்போதும் பூட்டு. அடி, சாப்பாட்டைப்போல நேரத்துக்கு வரும். அந்த வீட்டுக் குசினியில் நாள் முழுவதும் சுஹைலாவின் கசற் ஓடும். ஒரு படத்தில் அவர் வேலைக்காரியாக நடித்திருந்தார். எசமானி அதை வீடியோவில் போட்டுவிட்டு அழுதாள். நானும் கதவோரம் நின்று அழுதேன். இரண்டு பேரும் படத்தின் ஒரே இடத்தில்தான் அழுதோம். படம் முடிந்ததும் அவள் தேத்தண்ணி கேட்டாள். சீனி கூடிவிட்டதென்று கன்னத்தில் அறைந்தாள்.

அந்த வீட்டு மூத்த மகளின் கலியாணத்துக்குச் சுஹைலாவையே பாட அழைத்தார்கள். அவருக்கு ஒதுக்கிய அறைக்குச் சுடுதண்ணீரும் தேனும் கொண்டுபோகிற வேலை எனக்கு. அறையில் நாங்கள் இருவரும்தான். தட்டை வைத்துவிட்டுக் காலில் விழுந்தேன். தெரிந்த அரபில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை எம்பசியில் கொண்டுபோய் விடுங்கள் என்று அழுதேன். அவர் குனிந்து என் கன்னத்தைத் துடைத்து, "பொறு மகளே" என்றார். பிறகு போய்ப் பாடினார். நன்றாகவே பாடினார்.

அடுத்த நாள் எசமானி அயர்ன்பெட்டியை என் கையில் வைத்து அழுத்தியபடி, பாடகியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஆள் யார் என்று பூராயம் பார்க்கத் தேவையில்லை. அன்றைக்கே என்னைப் பாலைவனப் பக்கம் இருந்த அவளுடைய தம்பியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. ஈராக்காரன் குவைத்துக்குள் வந்தபோது ஊரே பயந்து ஓடியது. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் கதவு திறந்தது.

இவ்வளவும் பழைய கதை. நான் அவரை மன்னித்துத்தான் அந்த டொன் மில்ஸ் வீட்டுக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவராக என்னை நினைவுகூர வேண்டும். நான் வாய்விட்டுச் சொல்லி அவர் ஐயோ என்பதில் என்ன இருக்கிறது? ஒரு நாள் குளிக்க வார்க்கும்போது என் கைத் தழும்பைப் பிடித்துக்கொண்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார். அயர்ன்பெட்டி பட்டது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவர் தழும்பை விரலால் ஒருதரம் தடவினார். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

போன வசந்தத்தில் மிஸிஸாகாவில் அவருக்குப் பாராட்டுவிழா வைப்பதாக ஏற்பாடு நடந்தது. பல வருடங்களுக்குப் பிறகு மேடையில் பாடப்போகிறார் என்று அரபு ஆட்கள் திருவிழா மாதிரி எழும்பிவிட்டார்கள். அதற்காக ஒரு அரபு ரீவிக்காரர்கள் வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்தார்கள். நான் கோப்பித் தட்டோடு நின்றேன். படங்களைக் கேட்டார்கள், பாட்டுகளைக் கேட்டார்கள். கடைசியில், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டாள் பேட்டிக்காரி.

சுஹைலா சொன்னார்: "அது மேடையில் செய்ததல்ல. குவைத்தில் ஒரு கலியாண வீட்டில் ஒரு சிலோன் பெண் என் காலைப் பிடித்து அழுதாள். அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை என் உடுப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் படுக்கவைத்து, காரில் எம்பசி வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்."

பேட்டிக்காரி கண்ணைத் துடைத்தாள். கமராக்காரனும் துடைத்தான். மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவினேன்.

இனி அவரை அவள் என்றுதான் சொல்வேன். என்னைக் காட்டிக்கொடுத்தாள், அதைப் பொறுத்தேன். என்னை மறந்தாள், அதையும் பொறுத்தேன். ஆனால் என்னைக் காப்பாற்றினேன் என்று என் முன்னாலேயே, நான் போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னாளே. என் கைத் தழும்பை, பாலைவன வீட்டை, நான் கத்தின கத்தல்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் காரை நிறுத்திவைத்தாளே. கோபம் என்றால் சத்தம் போடுவது என்று என் மகன் நினைக்கிறான். என்னுடைய கோபம் உடுப்பு மடிக்கும், மருந்துப் பெட்டி அடுக்கும், யன்னல் துடைக்கும்.

அவளுக்கு ஆஸ்மா இருந்தது. அந்தக் காலத்துச் சிகரெட்டும் ஹூக்காவும் நெஞ்சைப் பழுதாக்கியிருந்தன. ஆஸ்மா பம்ப் தலையணைக்குக் கீழே எப்போதும் இருக்கும். கண்பட்டுவிடும் என்ற பயமும் அவளுக்கு உண்டு. கதவில் நீலக் கண்மணி தொங்கும். பாராட்டுவிழாவுக்கு முன்பு எங்கள் முறைப்படி நாவூறு கழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கையைத் தட்டிச் சந்தோசப்பட்டாள். "செய் பரி, செய். உலகத்துக் கண்ணெல்லாம் என் தொண்டையில்தான் இருக்கிறது" என்றாள்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் செய்தேன். படுக்கையறையில் கதிரை போட்டு இருத்தினேன். யன்னல்களைப் பூட்டினேன். புகை அலாரத்துக்குக் குளிக்கிற பிளாஸ்ரிக் தொப்பியைப் போட்டேன். ரொறன்ரோவில் சாம்பிராணி போடுகிற நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அவளுடைய ஹூக்காக் கரியை மூட்டித் தூபக்காலில் போட்டேன். உப்பும் செத்தல்மிளகாயும் கையில் எடுத்துத் தலையைச் சுற்றினேன். ஊரில் ஒரு சில மிளகாய்தான் போடுவார்கள். நான் பைக்கற்றை முழுதாகக் கொட்டினேன்.

நாவூறு உள்ள ஆளுக்கு மிளகாய் எரித்தால் நெடி ஏறாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சுஹைலா உடனேயே இருமத் தொடங்கினாள். ஆக, அவள்மேல் யாருடைய கண்ணும் பட்டிருக்கவில்லை. அது தெரிந்தபிறகு நிறுத்தியிருக்கலாம். நான் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தி, கைபிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தலையணைக்குக் கீழே தேடினாள் என்று நினைக்கிறேன், சாமான்கள் விழுகிற சத்தம் கேட்டது. பம்ப் என் ஏப்ரன் பொக்கற்றில் இருந்தது. பிறகு கதவுக்குக் கிட்ட வந்துவிட்டாள். கதவைத் தட்டினாள். "பரி" என்றாள். அந்தக் குரலில் காற்றுத்தான் இருந்தது, பாட்டு இல்லை. நான் கதவோடு வாயை வைத்து, "பொறு" என்றேன். அவள் எனக்குச் சொன்ன அதே அரபுச் சொல்லில் சொன்னேன். அப்போதாவது நினைவு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சத்தம் நின்றபிறகும் கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய் யன்னலைத் திறந்து, பம்பைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

அம்புலன்ஸோடு பொலிஸும் வந்தது. இரண்டு பேர். ஒருவன் நம் பொடியன், பிரவீனன் என்று சட்டையில் பெயர் இருந்தது. தூபக்காலைப் பார்த்தான், எரிந்த மிளகாயைப் பார்த்தான், அலாரத்தில் இருந்த தொப்பியைப் பார்த்தான்.

"அன்ரி, நாவூறு கழிச்சனீங்களோ?"

"ஓம் மகன்."

"எங்கட அம்மாவும் எக்ஸாம் நேரம் எனக்குச் செய்யிறவ. அலாமுக்கு உந்தத் தொப்பிதான் போடுறது. இவவுக்கு ஆஸ்மா எண்டு யோசிக்கேல்லையோ அன்ரி?"

நான் தலையைக் குனிந்தேன். தலையைக் குனிவது பொய்யாகாது. அவன் தன்னோடு வந்த வெள்ளைக்காரனிடம் திரும்பி, இது தமிழரின் வழக்கம், ஆசீர்வாதம் மாதிரி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். பிறகு என் தோளில் கைவைத்து, "நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றான். அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். கதவைப் பிடித்திருந்தாயா என்று யாரும் கேட்கவில்லை.

மகள் ரீம் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். என் தாயை நேசித்ததால்தானே இப்படி நடந்தது என்றாள். செத்தவீட்டுக்குத் தேவாலய மண்டபத்தில் ஆட்கள் நெருக்கியடித்தார்கள். சீனி போடாத கோப்பியை நான்தான் ஊற்றிக்கொடுத்தேன். ரீமோடும் வந்தவர்களோடும் அரபில் பேசிக்கொண்டு நின்றபோது, என் வயதுப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தில் சிலுவை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்கள் தமிழோ? நான் பிலோமினா, மன்னார். பிறம்ரனில இருந்து வாறன். இவதான் என்னைக் குவைத்தில ஒரு வீட்டில இருந்து தப்பவைச்சவ. உடுப்புப் பெட்டியளுக்குப் பின்னால படுக்கவைச்சுக் கொண்டந்து எம்பசியில விட்டவ."

நான் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எனக்காக வரேல்லை அக்கா அவ. எனக்கு முன்னம் அந்த வீட்டில ஒரு மட்டக்களப்புப் பிள்ளை இருந்ததாம். கலியாணத்தண்டு காலைப் பிடிச்சு அழுததாம். பொறு எண்டு சொல்லிப்போட்டு, எம்பசியில ஆளைப் பிடிச்சு ஒழுங்கு செய்துகொண்டு ஒரு கிழமைக்குள்ள திரும்பி வந்தவ. வந்து பாத்தா அங்க நான் நிக்கிறன். அந்தப் பிள்ளையை எங்கயோ அனுப்பிப்போட்டினம். அவள் எங்க, அவள் எங்க எண்டு என்னட்டக் கேட்டவ. எனக்கென்ன தெரியும், நான் புதுசு. வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவ. ராத்திரி ரீவியில போட்ட பேட்டியிலயும் அதைத்தான் சொல்லி அழுதவ. நீங்கள் பாக்கேல்லையோ?"

"அந்த வீட்டு மேடத்துக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"கதவுக்கு வெளியில நிண்ட சமையல்காரி. அவளே எனக்கு இளிச்சுக்கொண்டு சொன்னவள்." சொல்லிவிட்டு பிலோமினா என்னை உற்றுப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் அரபு கதைக்கேக்க கேட்டனான். அச்சாக் குவைத்து அரபு. நீங்களும் அங்க இருந்தனீங்களோ?"

சுஹைலா அவளுக்கு ஒரு கதை சொல்லியிருப்பாள். நடிகைதானே, எந்த இடத்தில் அழவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிலோமினா ஏமாந்த பெண். நான் யோசித்துப் பார்த்து இந்த முடிவுக்குத்தான் வந்தேன். அந்தப் பேட்டியை நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. மகன் போனில் எடுத்துக் காட்ட வந்தபோது அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

"இல்லை தங்கச்சி," என்றேன் பிலோமினாவிடம். "நான் குவைத்துப் பக்கமே போனதில்லை."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.