உலகநாதன் நினைவுப் பரிசு

ஜீவிதா: பரிசு யாரு பேர்ல இருந்தா என்னம்மா? தொழிலாளர் வரலாறு எழுதுறவங்களுக்குக் குடுக்குறது.

கமலவல்லி: அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லு.

ஜீவிதா: ... உலகநாதன் நினைவுப் பரிசு.

கமலவல்லி: நம்ம கீழ்வேளூர்ப் பண்ணை உலகநாதன்.

ஜீவிதா: அவரு போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப மகன் நடத்துறாரு. தேர்ந்தெடுத்தது புரொபசருங்க...

கமலவல்லி: நீ எதை எழுதுன?

ஜீவிதா: நீங்கள்லாம் நடவை நிறுத்துனதைத்தான்.

கமலவல்லி: அவன் பேர்ல இருக்குற பரிசுக்கு, அவனைப் பத்தியே. சரி, எப்படி எழுதுன?

ஜீவிதா: பிள்ளைக்குப் பால் குடுக்க அடிக்கடி கரையேறுறீங்க, இனிமே பூவரச மரத்துல தூளி கட்டக் கூடாதுன்னாரு...

கமலவல்லி: 'ன்னாரா'? தூளியை அருவாளால அறுத்தான். உன்னைய வரப்புல கெடத்திட்டு நட்டேன். சாயங்காலம் தூக்குறப்ப உன் முதுகெல்லாம் கொப்புளம்.

ஜீவிதா: அதுவும் இருக்கும்மா. மறுநாள்லேருந்து ஒருத்தரும் சேத்துல எறங்கல. நாத்தங்கால்ல நாத்து முத்த ஆரம்பிச்சுது...

கமலவல்லி: முத்துன நாத்தை நட்டா தூர் கட்டி வெளையுமா? அந்தப் பயம். அவனே கயிறு எடுத்தாந்து...

ஜீவிதா: தன் கையால தூளி கட்டுனாரு. கடைசிப் பக்கமே அதுதான்.

கமலவல்லி: ம்.

ஜீவிதா: தஞ்சாவூர்ல விழா. உன்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பொன்னாடை போத்துவாங்க.

கமலவல்லி: அவன் வீட்டுத் துணி என் தோள்லயா?

ஜீவிதா: கோவப்படாதம்மா... இந்தப் பரிசு இருந்தா காலேஜ்ல வேலை கெடச்சுரும். எத்தனை வருசமா அலையுறேன்.

கமலவல்லி: அலையுறது தெரியாமயா இருக்கேன்? வர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லு. தூளியை அறுத்தது யாருன்னு பேரு போட்டியா?

ஜீவிதா: ... போடாமலா?

கமலவல்லி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஜீவிதா: போட்டிருக்கேம்மா. சும்மா துருவாத...

கமலவல்லி: காலையில அவன் மகன் மதிவாணன் விழாப் பத்திரிகை வைக்க இங்க வந்தான். உங்க பொண்ணு தங்கம், எங்க அப்பா பேரை எடுக்கச் சொன்னதும் மறுபேச்சு பேசாம 'ஒரு நிலக்கிழார்'னு மாத்திக் குடுத்துருச்சுன்னு உன்னைப் புகழ்ந்துட்டுப் போனான். தூளியை அறுக்கிறப்ப பேரில்லாதவனுக்கு, பரிசு குடுக்கிறப்ப மட்டும் எங்கேருந்துடி பேரு வந்துச்சு?